வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை: ஒரு கணக்காளர் பிழை தேடிய கதை

ஜனவரி மாதம் வந்தால் இங்கிலாந்தில் கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு நித்திரை குறைவு. சுயதொழில் செய்பவர்கள் தங்கள் வருமான வரி விபரத்தை 31ஆம் திகதி நள்ளிரவுக்குள் இணையம் மூலம் அனுப்பிவிட வேண்டும். பிந்தினால், கட்டவேண்டிய வரி ஒரு சதமும் இல்லாவிட்டாலும் 100 பவுண் தண்டம். எங்கள் ஆட்களில் பலர் ஒரு வருடத்துப் பற்றுச்சீட்டுகளையும் கடைப் பையில் போட்டுக் கட்டி, கடைசிக் கிழமையில்தான் கொண்டுவருவார்கள். நான் சத்தம் போடுவேன். அடுத்த வருடமும் அதே பை வரும்.

போன வருடம் 31ஆம் திகதி பின்னேரம் ஏழு மணி. ரக்சி ஓடும் தம்பி ஒருவர் என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார். கணக்கு முடிந்துவிட்டது. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. கணனியின் மூலையில் வைஃபை அடையாளம் நிறைவாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை.

"அண்ணை, ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லைத் தம்பி. றவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டால் சரி."

எல்லாரும் சொல்லும் வைத்தியம் அதுதானே. பிளக்கைக் கழற்றி, அரை நிமிடம் பொறுத்து, திரும்பச் செருகினேன். ஐந்து நிமிடத்தில் விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன. என் கணனி வேலை செய்யவில்லை. அதோடு, மாடியில் இருந்து மகள் கத்தினாள், தன்னுடையதும் நின்றுவிட்டதாம். மனைவி யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாயுடன் வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருந்தவ, அதுவும் அறுந்துபோனது. முன்பு ஒரு கணனியில் இருந்த நோய் இப்போது வீடு முழுக்கப் பரவிவிட்டது.

இது ஏன் நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு அடுத்த நாள் மத்தியானம் வரை எடுத்தது. அதைச் சொல்லவும், உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் எந்த ஒழுங்கில் தேடவேண்டும் என்று சொல்லவுமே இதை எழுதுகிறேன். நான் கணனி படித்தவன் அல்ல. யாழ் பல்கலைக்கழகத்தில் வணிகமாணி படித்தவன். ஆனால் பரீட்சை மீதி சமப்படாதபோது பிழை தேடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அந்த இரவு விளங்கியது.

முதலில், தம்பியின் கணக்கை எப்படி அனுப்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவசரம் இருக்கும்போது பிழை தேடக்கூடாது. வேலையை முடிக்க வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைத்தொலைபேசியின் செட்டிங்ஸில் 'ஹொட்ஸ்பொட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் தொலைபேசியே ஒரு சின்ன றவுட்டர் ஆகிவிடும். உங்கள் சிம்மில் உள்ள டேற்றாவைக் கணனிக்குக் கொடுக்கும். கணனியின் வைஃபை பட்டியலில் தொலைபேசியின் பெயரைத் தெரிவுசெய்து, அதில் காட்டும் கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். வரிப் படிவம் அனுப்ப மிகக் கொஞ்ச டேற்றாதான் போகும். ஆனால் அந்த நேரம் பார்த்து விண்டோஸ் தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கினால் மாத டேற்றா முழுவதையும் குடித்துவிடும், ஆகவே வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். தம்பியின் படிவம் எட்டு மணிக்கு முன்னமே போய்ச் சேர்ந்தது. அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு இரவு ஓட்டத்துக்குப் போனார். நான் பிழையோடு இருந்தேன்.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். சத்தம் நின்றால் உடனே றேடியோவைக் கழற்ற மாட்டோம். சுற்றுகிறவன் களைத்துப்போனானா, டைனமோ ரயரில் முட்டுகிறதா, வயர் விட்டுவிட்டதா, அல்லது நிலையமே நிறுத்திவிட்டதா என்று ஒரு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு போவோம். வீட்டு இணையமும் அப்படி ஒரு சங்கிலி. தெருவில் இருந்து வீட்டுக்கு வரும் கம்பி ஒன்று. அது வந்து சேரும் றவுட்டர் ஒன்று. றவுட்டருக்கும் கணனிக்கும் நடுவில் உள்ள காற்று ஒன்று. கடைசியாகக் கணனிக்குள் இருக்கும் சங்கதி. 'வைஃபை வேலை செய்யவில்லை' என்று நாங்கள் சொல்லும்போது இந்த நாலில் எதைச் சொல்கிறோம் என்று எங்களுக்கே தெரிவதில்லை. வைஃபை என்பது மூன்றாவது துண்டு மட்டும்தான். கணனி மூலையில் நிறைவாகக் காட்டும் அந்த அடையாளம், கணனிக்கும் றவுட்டருக்கும் இடையில் காற்று நன்றாக இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. றவுட்டருக்கு அப்பால் உலகம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி. ஒரு கருவியில் மட்டும் இல்லையா, எல்லாவற்றிலும் இல்லையா? கைத்தொலைபேசியை எடுங்கள், அதில் மொபைல் டேற்றாவை நிறுத்துங்கள் (இல்லாவிட்டால் தொலைபேசி உங்களை ஏமாற்றும்), வைஃபை மூலம் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். தொலைபேசியில் வருகிறது, கணனியில் வரவில்லை என்றால் தெருக் கம்பியில் பிழையில்லை. நிறுவனத்துக்குப் போன் பண்ணி நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்கத் தேவையில்லை. எல்லாவற்றிலும் இல்லை என்றால் கணனியைக் கழற்றி மேய்வதில் பயன் இல்லை.

நான் விட்ட முதல் பிழை இதுதான். அந்த ஏழு மணிக்கு மனைவி வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டுதான் இருந்தவ. விடை பக்கத்து அறையில் இருந்தது. அதைக் கேளாமல் பிளக்கைக் கழற்றினேன். காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிடும் முதலே காசேட்டை அழித்து எழுதிய மாதிரி. பிழை எங்கே இருந்தது என்பதற்கான சாட்சி எல்லாம் போய்விட்டது.

அடுத்த சோதனைக்கு ஒரு நெற்வேர்க் வயர் வேண்டும். றவுட்டர் பெட்டியோடு பெரும்பாலும் ஒன்று வரும், எல்லாரும் அதை அலுமாரியில் போட்டுவிடுவார்கள். அதன் ஒரு முனையை றவுட்டரின் பின்பக்கத்திலும் மறு முனையைக் கணனியிலும் செருகுங்கள். வயரில் இணையம் வருகிறது, வைஃபையில் வரவில்லை என்றால் பிழை காற்றில், அல்லது கணனியின் வைஃபைப் பகுதியில். வயரிலும் வரவில்லை என்றால் காற்று குற்றவாளி அல்ல. இந்த இரண்டு சோதனையும் பத்து நிமிட வேலை. சங்கிலியின் அரைவாசியை ஒதுக்கிவிடலாம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், எங்கள் வீடுகளில் அதிகம் சிக்கல் வருவது அங்கேதான். வைஃபை பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹேர்ட்ஸ் மற்றது. முதலாவது சுவர்களைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. இரண்டாவது வேகம், ஆனால் இரண்டு செங்கல் சுவர் வந்தால் மூச்சு வாங்கும். குசினியில் உள்ள மைக்குறோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹேர்ட்ஸ் பக்கத்தில்தான் வேலை செய்கிறது. சோறு சூடாக்கும் அந்த மூன்று நிமிடம் மட்டும் ஸும் வகுப்பு விக்கினால் வேறு காரணம் தேடவேண்டாம். லண்டனில் ஒட்டிக்கட்டிய வரிசை வீடுகளில் அயலவர்களின் றவுட்டர்களும் அதே வரிசையில் கத்திக்கொண்டிருக்கும். 2.4இல் இங்கே 13 அலைத்தடங்கள் இருந்தாலும் பக்கத்துப் பக்கத்துத் தடங்கள் ஒன்றில் ஒன்று ஏறும். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று முட்டாதவை. றவுட்டர் தானாகவே தடம் தெரிவுசெய்யும், அதைவிட 5க்கு மாறுவதுதான் இலகு.

றவுட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று யோசியுங்கள். ஒரு வீட்டில் அதை ரீவிக்குப் பின்னால், இன்னொரு வீட்டில் நிலைக்கண்ணாடி பதித்த அலுமாரிக்குள்ளே கண்டேன். வடிவில்லை என்று ஒளித்து வைத்திருக்கிறார்கள். உலோகமும், கண்ணாடியின் பின்பூச்சும், மீன் தொட்டித் தண்ணீரும் இந்த அலைகளைத் தின்றுவிடும் அல்லது திருப்பிவிடும். வீட்டின் நடுவில், நெஞ்சு உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தால் பலருக்கு வேறு ஒன்றுமே தேவைப்படாது.

பழைய மடிக்கணனிகளுக்கும் அச்சுப் பொறிகளுக்கும் இன்னொரு கதை. அவற்றில் பல 2.4 மட்டுமே அறிந்தவை. புதிய றவுட்டர் வந்ததும் 'என்ர பிறின்ரர் வைஃபையைக் காணவில்லை என்கிறது' என்று போன் வரும். றவுட்டரின் பாதுகாப்பு முறையைப் புதிய டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைத்திருந்தாலும் பழைய கருவிகள் உள்ளே வராது. இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினால் வரும்.

பிழை கணனிக்குள்தான் என்று தெரிந்துவிட்டால், மிகச் சின்ன விடயத்தில் இருந்து தொடங்குங்கள். விமானப் பயண முறை தெரியாமல் அமுக்குப்பட்டிருக்கும், விசைப்பலகையின் மேல்வரிசையில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். அடுத்து, கணனியின் மணியும் திகதியும். இது பலருக்குத் தெரியாது. கணனியின் உள்பற்றரி செத்து, திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருந்தால் வங்கிப் பக்கம், வரிப் பக்கம் போன்ற பாதுகாப்பான பக்கங்கள் திறக்க மறுக்கும். அவற்றின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு, உங்கள் கணனியின் நாட்காட்டி அதற்கு வெளியே நிற்கிறது. அடுத்தது, தமிழ் நிகழ்ச்சி பார்ப்பதற்கென்று பிள்ளைகளிடம் கேட்டுப் போட்ட விபிஎன். அது அரைகுறையாகத் தொங்கிக்கொண்டு நின்றால் எல்லாப் பாதையையும் மறித்துவிடும். ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

கணனி நித்திரையால் எழும்பும்போது மட்டும் இணையம் இல்லை என்றால், மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று விண்டோஸ் வைஃபைப் பகுதியை நிறுத்திவைத்திருக்கும். 'டிவைஸ் மனேஜர்' பட்டியலில் நெற்வேர்க் பகுதியைத் திறந்து, வைஃபையின் விபரத்தில் 'பவர் மனேஜ்மென்ற்' என்ற பக்கத்தில் உள்ள முதல் சரி அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். கடவுச்சொல் மாற்றிய பிறகு வந்த குழப்பம் என்றால், அந்த வைஃபைப் பெயரில் 'ஃபொர்கெற்' கொடுத்து மறக்கச் செய்து, புதிதாகச் சேருங்கள். 'நெற்வேர்க் றீசெற்' என்று ஒன்று இருக்கிறது, அதைக் கடைசிக்கு வையுங்கள். சேமித்த எல்லா வைஃபைக் கடவுச்சொற்களையும் அழித்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு கடதாசியில் எழுதுங்கள். நாலு பதிவை ஒன்றாகத் திருத்தினால் மீதி சமப்பட்டாலும் எது பிழை என்று தெரியாது, அடுத்த மாதம் திரும்ப வரும்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். தொலைபேசியிலும் இல்லை, கணனியிலும் இல்லை, அடையாளம் மட்டும் நிறைவு. இதற்கு விலாசம் பார்க்க வேண்டும்.

வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவியும் வைஃபையில் சேர்ந்ததும் 'எனக்கு ஒரு இலக்கம் தா' என்று சத்தமாகக் கேட்கும். றவுட்டருக்குள் இருக்கும் ஒரு எழுதுவினைஞர் 192.168.1.23 என்பது போல ஒரு இலக்கத்தைக் கிழித்துக் கொடுப்பார். கூடவே, 'வெளியே போகவேண்டுமென்றால் இந்த வாசலால் போ' என்று றவுட்டரின் சொந்த இலக்கத்தையும் சொல்லிவிடுவார். விண்டோஸில் 'கொமாண்ட் புறொம்ப்ட்' என்ற கறுப்பு யன்னலைத் திறந்து, 'ஐபிகொன்ஃபிக்' என்று ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் அடித்தால் இரண்டையும் காட்டும். 'டிஃபோல்ற் கேற்வே' என்ற வரியில் இருப்பதுதான் வாசல். ஐபோனில் வைஃபைப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன வட்டத்தைத் தொட்டால் 'றவுட்டர்' என்ற வரியில் அதே வாசல் இலக்கம் தெரியும். கணனியின் இலக்கம் 169.254 என்று தொடங்கினால் எழுதுவினைஞர் பதிலே சொல்லவில்லை, கணனி தானே ஒரு இலக்கத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

என் கணனி 169.254 காட்டவில்லை. ஒழுங்கான இலக்கம் ஒன்று இருந்தது. வாசல் 192.168.0.1 என்றது. அந்தக் கறுப்பு யன்னலிலேயே 'பிங்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, இலக்கத்தைப் போட்டால் அந்த இலக்கத்துக்குக் கதவு தட்டிப் பார்க்கும். முதலில் வாசலைத் தட்டினேன். பதில் வந்தது. பிறகு 8.8.8.8ஐத் தட்டினேன். அது கூகுள் நிறுவனம் 2009 முதல் எல்லாருக்கும் திறந்துவைத்திருக்கும் பெயர்ப்பதிவுச் சேவையின் இலக்கம். பாடமாக்க இலகு என்பதால் எல்லாரும் சோதனைக்கு அதையே தட்டுகிறார்கள். பதில் இல்லை.

(8.8.8.8 பதில் சொல்லி, பக்கங்கள் மட்டும் திறக்காவிட்டால் கம்பி சரி, பெயரை இலக்கமாக மாற்றித் தரும் தொலைபேசிப் புத்தகம்தான் கெட்டிருக்கிறது. அப்போது அந்தப் புத்தகமாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்பதையே செட்டிங்ஸில் எழுதிவிட்டால் பெரும்பாலும் தீரும்.)

வாசல் பதில் சொல்கிறது, வெளி உலகம் சொல்லவில்லை. ஆகவே தெருக் கம்பியில் பிழை. எந்தப் புத்தகமும் அப்படித்தான் சொல்லும். நிறுவனத்துக்குப் போன் பண்ணினேன். கனநேரம் காத்திருந்து ஒரு பெண்பிள்ளை வந்து, 'உங்கள் கம்பியில் பிழை இல்லை, இங்கிருந்து றவுட்டர் தெரிகிறது' என்றாள். நான் நம்பவில்லை. கொஞ்சம் கடுமையாகவும் கதைத்துவிட்டேன். அவள் சொன்னது சரி என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

அடுத்த நாள் மத்தியானம், நிறுவனத்தின் வாடிக்கையாளர் இலக்கத்தை எடுப்பதற்காக றவுட்டரைத் திருப்பினேன். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அதன் சொந்த இலக்கம் இருந்தது: 192.168.1.254. நான் இரவு முழுக்கத் தட்டியது 192.168.0.1. பதில் சொன்னது வேறு யாரோ.

அந்த வேறு யாரோ மாடியில், மகளின் அறையில், நான் நத்தார் விடுமுறையில் வைத்த பழைய றவுட்டர். நிறுவனம் மாறியபோது மிஞ்சியது. எறிய மனம் வரவில்லை. மாடியில் வைஃபை பலவீனம் என்று அவள் முறையிட்டாள். புதிதாக ஒன்று வாங்க ஏன் காசு, இதுவே போதுமே என்று கீழே இருந்து ஒரு வயரை இழுத்து அதில் செருகி, அதே வைஃபைப் பெயரையும் அதே கடவுச்சொல்லையும் கொடுத்தேன். நன்றாகவே வேலை செய்தது. பெருமையாகவும் இருந்தது.

நான் செய்ய மறந்தது ஒன்று. பழைய றவுட்டருக்குள்ளும் ஒரு எழுதுவினைஞர் இருக்கிறார். அவரை நிறுத்தவில்லை. ஒரே கந்தோரில் இரண்டு பேர் இரண்டு பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருந்த மாதிரி. ஒரு கருவி இலக்கம் கேட்கும்போது யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவருடையதைத்தான் அது எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் கீழே உள்ளவர் முந்தினார், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வாங்கிய இலக்கத்தைக் கருவிகள் சில மணி நேரமோ ஒரு நாளோ வைத்திருக்கும், பிறகு கொடுத்தவரிடமே புதுப்பித்துக்கொள்ளும். அதனால்தான் நத்தாருக்கு விதைத்த பிழை ஜனவரி கடைசியில் முளைத்தது. அன்று என் கணனிக்கு மாடிக்காரர் முந்திக்கொண்டார். 'என் வாசலால் போ' என்று தன் இலக்கத்தைச் சொன்னார். ஆனால் அவருடைய வாசலுக்கு அப்பால் தெருவே இல்லை. பழைய நிறுவனத்தின் கம்பி எப்போதோ போய்விட்டது.

நான் கீழ் றவுட்டரை நிறுத்தியபோது நடந்தது இன்னும் மோசம். அது எழும்பும் வரை வீட்டில் இருந்த எல்லாக் கருவிகளும் அதே பெயரில் இருந்த மாடி வைஃபைக்குத் தாவின. அங்கே இலக்கம் கேட்டன. கீழே உள்ளவர் நித்திரை. மாடிக்காரர் ஒருவரே எல்லாருக்கும் கிழித்துக் கொடுத்தார். மருந்தே நோயைப் பரப்பியது அப்படித்தான்.

திருத்தம் ஐந்து நிமிடம். பழைய றவுட்டரோடு கணனியை வயரால் இணைத்து, அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, 'டிஎச்சிபி சேர்வர்' என்பதை நிறுத்த வேண்டும். அந்த எழுதுவினைஞரின் உத்தியோகப் பெயர் அதுதான். அதோடு, பழையதின் சொந்த இலக்கத்தைப் புதிய றவுட்டரின் வரிசைக்குள், வேறு யாருக்கும் கொடுபடாத ஒன்றாக மாற்ற வேண்டும். கீழே இருந்து வரும் வயரை 'வான்' என்று எழுதிய துளையில் செருகாமல், 'லான்' என்று எழுதிய துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். பிறகு வீட்டில் உள்ள கருவிகளை ஒருமுறை வைஃபையில் இருந்து விட்டுச் சேர்த்தால் சரியான இலக்கம் எடுத்துக்கொள்ளும். பழைய றவுட்டரை மாடியில் வைத்திருக்கும் மற்றக் கஞ்சர்களுக்கு இது உதவும். எங்களில் கனபேர் இருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு விபரமாக எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் பகுதியில் வீட்டில் பலகாரம் செய்து கொடுக்கும் அக்கா ஒருவ. இணையம் மெதுவாக இருக்கிறது என்று நிறுவனத்தின் இலக்கத்தைத் தொலைபேசியில் தேடியிருக்கிறா. மேலே வந்த விளம்பரத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்திருக்கிறா. எதிர்ப்பக்கத்தில் மிக மரியாதையான ஒருவன். கணனியைத் தூரத்தில் இருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றைப் போடச் சொன்னான். பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து, சிவப்பு அடையாளம் போட்ட வரிகளைக் காட்டி, 'பாருங்கள், உங்கள் கணனிக்குள் கள்ளர் நுழைந்திருக்கிறார்கள்' என்றான். அந்தச் சிவப்பு வரிகள் நன்றாக ஓடும் என் கணனியிலும் இருக்கின்றன, உங்கள் கணனியிலும் இருக்கும். அவை ஒன்றுமே இல்லை. கடைசியில், காசைப் பத்திரமான கணக்குக்கு மாற்றச் சொல்லி, அக்காவின் கையாலேயே அனுப்ப வைத்தான். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு. வெட்கத்தில் இரண்டு நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவவிடம் நான் சொன்னது: 159 என்று அழுத்துங்கள். இங்கே பெரும்பாலான வங்கிகளுக்கு அந்த மூன்று இலக்கம் நேராகக் கொண்டுபோகும். ஏமாற்றப்பட்டுத் தன் கையால் அனுப்பிய காசை வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2024 ஒக்ரோபர் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. உச்சவரம்பு 85,000 பவுண், முதல் 100 பவுண்வரை வங்கி கழிக்கலாம், சில விதிவிலக்குகளும் உண்டு. அக்காவுக்கு 100 பவுண் கழித்து மிச்சம் வந்தது. நிறுவனத்தின் இலக்கத்தை மாதக் கட்டணச் சீட்டில் இருந்து மட்டும் எடுங்கள். அவர்கள் கம்பியைத் தங்கள் பக்கத்தில் இருந்தே சோதிப்பார்கள், அதற்கு உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கத் தேவையில்லை.

உண்மையாகவே தெருக் கம்பியில் பிழை என்றால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியிழை இணைப்பு உள்ள வீட்டில் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும். அதில் 'பொன்' என்ற விளக்கு பச்சையாக அசையாமல் எரிந்தால் இழையில் ஒளி வருகிறது. 'லொஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை, றவுட்டரை நூறு தரம் நிறுத்திப் போட்டாலும் வராது. பழைய செப்புக் கம்பி வீடுகளில் பிரதான தொலைபேசிச் சொக்கற்றின் கீழ்ப்பாதியை இரண்டு ஆணியையும் கழற்றி எடுத்தால் உள்ளே ஒரு சோதனைத் துளை இருக்கும். அதில் வேலை செய்தால் பிழை வீட்டுக்குள் ஓடும் உங்கள் வயரில், அதிலும் வேலை செய்யாவிட்டால் நிறுவனத்தின் பக்கம். இதைச் சோதித்துச் சொன்னால் ஆளை அனுப்புவதும் கெதியாக நடக்கும்.

வீட்டுத் தொலைபேசி றவுட்டரில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய செப்புத் தொலைபேசி முறையை 2027 ஜனவரிக்குள் முற்றாக நிறுத்தப்போகிறார்கள், பல வீடுகளில் ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள். அப்படி மாறிய வீட்டில் றவுட்டரை நிறுத்தினால் தொலைபேசியும் செத்துவிடும். கழுத்தில் அவசர அழைப்புப் பொத்தான் போட்டிருக்கும் வயதான அம்மா அப்பா இருக்கும் வீட்டில் இதை யோசியாமல் பிளக்கைக் கழற்ற வேண்டாம்.

பிழையை அறிவித்த திகதியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். ஒஃப்கொம் அமைப்பின் ஏற்பாட்டில் 2019 ஏப்ரல் முதல் ஒரு நட்டஈட்டுத் திட்டம் இருக்கிறது. இணையம் முற்றாக நின்று, அறிவித்து இரண்டு முழு வேலை நாளுக்குள் திருத்தாவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் காசு. தொடக்கத்தில் நாளுக்கு 8 பவுண், பிறகு வருடாவருடம் கூடிவருகிறது. திருத்த வருவதாகச் சொன்ன ஆள் வராவிட்டால் அதற்கு வேறாக உண்டு. சேர்ந்த நிறுவனங்கள் கேளாமலே கட்டணத்தில் கழிக்க வேண்டும், ஆனால் எல்லா நிறுவனமும் சேரவில்லை. கழித்திருக்கிறார்களா என்று அடுத்த மாதச் சீட்டில் பாருங்கள். நான் கண்ட கட்டணச் சீட்டுகளில் பாதியை வீட்டுக்காரர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பழைய றவுட்டர் இன்னும் மாடியில்தான் இருக்கிறது. அதன் முதுகில் புதிய இலக்கத்தையும், எழுதுவினைஞரை நிறுத்திய திகதியையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். இந்த வருடம் ரக்சித் தம்பி டிசம்பரிலேயே பையைக் கொண்டுவந்துவிட்டார். இணையம் ஒழுங்காக இருக்கிறதா என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.